கோடியக்கரையிலிருந்து கொட்டப்பட்டு வரை: சிறப்பு முகாம் ஏன் மூடப்படவில்லை?

2022 நவம்பர் 11 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் மீதமிருந்த ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மறுநாள் இந்தியக் குடிமக்களான இருவரும் சொந்தக்காரர்களோடு போய்விட்டார்கள். இலங்கைக் குடிமக்களான முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரும் போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டுத் திருச்சிக்கு வந்தார்கள். மத்திய சிறை வளாகத்துக்குள், வெளிநாட்டவரை அரசு உத்தரவின் பேரில் தங்கவைக்கும் சிறப்பு முகாமில் இறக்கிவிடப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது, தமிழ்நாடு அரசு பிடித்துக்கொண்டது. சட்டப்படி இரண்டுமே சரி என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அந்த நால்வர் என்ன செய்தார்கள், செய்யவில்லை என்பதை நீதிமன்றங்கள் முப்பது வருடம் பேசித் தீர்த்துவிட்டன. அதற்குள் நான் போகவில்லை. 'சிறப்பு முகாம்' என்ற பெயர் டெல்லி பத்திரிகைகள் வரை போனது அவர்களால்தான் என்பதால் அங்கிருந்து தொடங்கினேன், அவ்வளவுதான். அவர்களுக்கு முன்பும் பின்பும் பேர் தெரியாத எத்தனையோ பேர் இந்த மாதிரி முகாம்களில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். போலி பாஸ்போர்ட், படகேறி ஆஸ்திரேலியா போகப் பார்த்தது, அக்கரைக்கு மருந்து கடத்தியதாகச் சந்தேகம் என்று வழக்குகள் பலவகை. பலர் ஜாமீன் வாங்கியவர்கள்.

முதல் சிறப்பு முகாம் 1990-ல் வேலூர் கோட்டையில், திமுக ஆட்சியில் திறக்கப்பட்டது. 1991-க்குப் பிறகு அதிமுக ஆட்சி அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. அதன் பின் சென்னைக் கோட்டையில் கொடி மாறிய ஒவ்வொரு முறையும் முகாம் மட்டும் இடம் மாறியதே தவிர மூடப்படவில்லை. வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று சுற்றி இப்போது திருச்சியில் நிற்கிறது. ஈழத் தமிழர் மீது பாசம் பேசாத கட்சி தமிழ்நாட்டில் கிடையாது. அப்படியிருந்தும் ஏன் இது தொடர்கிறது என்று கேட்டால், என் பதில் ஒரு தேதி: 1991 ஜனவரி 30. அதற்குப் போகுமுன் கரையிலிருந்து வரவேண்டும்.

வரச்சொன்ன கரை

கோடியக்கரையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறை அறுபது கிலோமீட்டருக்குள். நல்ல என்ஜின் போட்ட படகுக்கு ஒரு ராத்திரி கூட வேண்டாம். வேதாரண்யம் பக்கத்துக்கும் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்கும் இடையே எல்லைக்கோடு என்பது காகிதத்தில்தான் இருந்தது. இங்கிருந்து துணி போகும், அங்கிருந்து சோப்பும் தேங்காயெண்ணெயும் கிராம்பும் வரும். கடத்தல் என்று சர்க்கார் சொன்னதை ஊர் வியாபாரம் என்று சொன்னது. இந்த வழியில்தான் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இளைஞர்கள் போய் வந்தார்கள், காயம்பட்டவர்கள் வந்தார்கள், மருந்து போனது, ஆயுதமும் போனது.

அப்போது அரசுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மாறாக, போராளி இயக்கங்களுக்கு இந்திய உளவுத்துறையே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் புளொட் இயக்கத்தின் முகாம்கள் ஒளிவு மறைவில்லாமல் நடந்தன. கையில் காசில்லாத பையன்களுக்கு ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். 1983 ஜூலைக்கும் 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்கும் இடையில் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அரசு அவர்களைப் பதிவு செய்து அரிசி கொடுத்தது. யார் எந்த இயக்கம் என்று துருவவில்லை. துருவினால் தன்னுடைய கைதான் வெளியே தெரியும்.

இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போய், புலிகளோடு மோதி, 1990 மார்ச்சில் திரும்பிய பிறகு கணக்கு மாறியது. ஜூன் மாதம் அங்கே மறுபடியும் போர். இங்கே மறுபடியும் படகுகள். இந்த முறை பாக் நீரிணையில் 'ஆபரேஷன் தாஷா' என்று கடற்படை ரோந்து தொடங்கியது. அதே மாதம் 19-ஆம் தேதி சென்னை கோடம்பாக்கத்தில் ஈபிஆர்எல்எஃப் என்ற ஈழப் போராளி இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் வெறும் காற்றில் பிறந்ததல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டு மண்ணில், தமிழர்களைத் தமிழர்கள் கொன்ற கொலை அது. செய்தவர்கள் புலிகள்.

அந்தக் கொலைக்குப் பிறகு மாநில அரசு புலிகளுக்கு இடம் கொடுக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 1991 ஜனவரி 30 அன்று சந்திரசேகர் தலைமையிலான மத்திய அரசு கருணாநிதி ஆட்சியைக் கலைத்தது. பெரும்பான்மை இருந்த ஆட்சி, கலைக்கச் சொன்ன முக்கியக் காரணம் இது. இலங்கைத் தமிழர் விஷயத்தில் இளகினால் நாற்காலி போகும் என்ற பாடத்தை அன்றைக்குக் கோட்டையில் இருந்த ஒவ்வொருவரும் படித்துக்கொண்டார்கள். அரசியல்வாதிகளை விட அதிகாரிகள் நன்றாகப் படித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஏனென்றால் அமைச்சர் மாறுவார், கோப்பு மாறாது.

நான்கு மாதம் கூட ஆகவில்லை. மே 1-ஆம் தேதி புலிகளின் சிவராசன் தலைமையில் ஒன்பது பேர் கோடியக்கரையில் இறங்கினார்கள். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்.

இறங்கிய இடமே குற்றம்

ஒன்பது பேர் இறங்கிய கரையில்தான் அதற்கு முந்தைய வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் குழந்தையும் குட்டியுமாக இறங்கியிருந்தார்கள். விசாரணை என்பது யார், என்ன செய்தார் என்று தேடுவது. 1991 கோடையில் நடந்ததில் அது ஒரு பகுதி மட்டுமே. மீதி, எங்கிருந்து வந்தார் என்பதை வைத்து நடந்தது.

அகதி முகாமுக்கு வெளியே இருந்த இலங்கைத் தமிழர் எல்லோரும் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதியாதவர் வெளிநாட்டவர் சட்டப்படி குற்றவாளி. பதியப் போனால் பிடித்து வைத்துவிடுவார்களோ என்ற பயம், போகாவிட்டால் நிச்சயம் பிடிப்பார்கள் என்ற பயம். வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் காலி செய்யச் சொன்னார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் வாசலிலும் ஜீப் நின்றது. கரையோர ஊர்களில் இந்தியக் குடிமக்களே தப்பவில்லை. கோடியக்கரையைச் சேர்ந்த சண்முகம், கடத்தல்காரர் என்று அறியப்பட்டவர், சிறப்புப் புலனாய்வுக் குழுவின் காவலில் இருந்தபோது அந்த ஜூலையில் மரத்தில் தூக்கில் தொங்கியபடி கண்டெடுக்கப்பட்டார். தற்கொலை என்றது போலீஸ். ஊர் நம்பவில்லை.

அகதி முகாம்களில் தொண்டு நிறுவனங்களுக்குக் கெடுபிடி வந்தது. தொழிற்கல்லூரிகளில் அகதிப் பிள்ளைகளுக்கு இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. 1996-ல் திமுக வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தன. இடையில் போன ஐந்து வருடத்துப் பிள்ளைகள் பெயிண்ட் அடிக்கப் போனார்கள், மூட்டை தூக்கப் போனார்கள்.

1992 ஜனவரியில் திருப்பி அனுப்புவது தொடங்கியது. 'விரும்பியே போகிறேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் படிவம் அவர்களுக்குத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்தது என்ற புகார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் வழக்குப் போட்டார்கள். அதே வருடம் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்கள் மனமுவந்துதான் போகிறார்களா என்று விசாரிக்கும் வேலையை ஏற்றது. 1995 மார்ச் வரை 54,000-க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். அடுத்த மாதமே அங்கே மூன்றாம் ஈழப்போர் வெடித்தது. 1996-லிருந்து மறுபடியும் படகுகள் வரத் தொடங்கின.

கொட்டப்பட்டு: இரண்டு நாட்டுக்கும் அந்நியர்

  திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு அகதி முகாம். துவாக்குடி பக்கம் வாழவந்தான்கோட்டை முகாம்.

கொட்டப்பட்டின் கதை ஈழப்போருக்கு மூத்தது. 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தது. அவர்கள் கப்பலேறி வந்து தங்கிய இடைத்தங்கல் முகாம்களில் ஒன்று கொட்டப்பட்டு. 1984-ல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்த பலர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கலவரம் துரத்தியபோது கிடைத்த படகில் ஏறி வந்தார்கள்.

கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியோர். படகில் வந்தவர் அகதி. ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்த அண்ணனும் தம்பியும் இப்படி இரண்டு கோப்பில் போனது உண்டு. 2003-ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முறையான பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் எத்தனை வருடம் இருந்தாலும் பதிவின் மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கேட்க முடியாது. 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை இல்லை.

கொட்டப்பட்டில் இருக்கும் ஒரு பெயிண்டர் அண்ணன் எனக்குப் பழக்கம். அவருடைய தாத்தா பெரம்பலூர்ப் பக்கம். முகாமில் மாதாமாதம் பணக்கொடை கொடுப்பதையொட்டித் தணிக்கை நடக்கும். வருவாய் ஆய்வாளர் வருவார், போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் ஆள் வருவார், குடும்பத்தோடு வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டி முகத்தைக் காட்ட வேண்டும். ஒரு தரம் அவர் வெளியூரில் வேலையில் மாட்டிக்கொண்டார்.

"காண்ட்ராக்டர் இன்னும் ஒரு நாள் இருந்து முடிச்சிட்டுப் போங்கன்னாரு. அன்னைக்குத்தான் செக்கிங். சம்சாரம் போன்ல அழுவுறா. பஸ்ஸப் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள பேரைத் தள்ளிட்டாங்க தம்பி."

"அப்புறம் சேர்க்கலையா?"

"சேர்த்தாங்க. அதுக்கு தாசில்தார் ஆபீசுக்கு நடந்தது, கலெக்டர் ஆபீசுக்கு நடந்தது. எங்க போயிருந்தே, யார் வீட்ல வேலை, அவங்க நம்பர் குடு. வீட்டுக்காரருக்கே போன் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அவரு என்னைக் கூப்பிடறதில்ல."

இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வழக்கு இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. வேலை மட்டும் போனது. முகாம்வாசிகள் முப்பது வருடமாக அனுபவிப்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான். சொல்லப்போனால் பத்திரிகையில் ஒரு பத்திக்குக் கூடத் தேறாத விஷயம்.

தோட்டத் தொழிலாளர் வழிவந்த இந்த மலையகத் தமிழரில் 65 பேர் குடியுரிமை கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டிருந்தார்கள். 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். இவர்களின் வேர் இந்த மண்ணில் இருக்கிறது, இவர்களை நாடற்றவர்களாகக் கண்காணிப்பில் வைத்திருப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்கு விரோதம், சட்டத்தின் கறாரைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு, 16 வாரத்தில் பரிசீலியுங்கள் என்றது தீர்ப்பு. ஆறே மாதத்தில், அந்த டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களுக்குத் தளர்வு உண்டு. இலங்கையிலிருந்து வந்த இந்துக்களுக்கு இல்லை.

மூன்று, இரண்டு, இ

சிறப்பு முகாம்களைத் தாங்கி நிற்பது தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இல்லை. தடா 1995-லேயே காலாவதியாகிவிட்டது. ராஜீவ் வழக்கிலேயே தடாவின்படியான பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லி, 26 பேரில் 19 பேரை விடுவித்தது. கூச்சல் போட்டு எதிர்த்த சட்டங்கள் போய்விட்டன. தங்கியது 1946-ஆம் வருடத்து வெளிநாட்டவர் சட்டம், அதில் 3(2)(இ) என்ற ஒரு துண்டு. வெளிநாட்டவர் ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில் தங்கியிருக்கும்படி அரசு உத்தரவிடலாம் என்பது அதன் சாரம். இந்த அதிகாரத்தை 1958-லேயே மத்திய அரசு மாநிலங்களிடம் ஒப்படைத்துவிட்டது. ஆக, திருச்சி முகாமின் சாவி சென்னையில் இருக்கிறது. டெல்லி மீது பழி போட்டு நழுவ வழியில்லை.

அதே சட்டத்தில் கைது செய்யவும் அடைத்து வைக்கவும் தனி உட்பிரிவு இருந்தது. அதை ஏன் பயன்படுத்தவில்லை? அடைத்து வைத்தால் தடுப்புக்காவல் பற்றிய அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு குறுக்கே வரும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அறிவுரைக் குழுமம் பார்க்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தால் கூட ஒரு வருடம்தான் உச்சவரம்பு. 'தங்கியிருக்க' உத்தரவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் இதை எதிர்த்துப் போன வழக்கில், இது காவல் அல்ல, நடமாட்டக் கட்டுப்பாடுதான் என்று அரசு சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நடைமுறை இப்படி. ஒருவருக்கு ஜாமீன் கிடைக்கிறது. உறவினர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சிறை வாசலில் நிற்கிறார். பக்கத்திலேயே கியூ பிராஞ்ச் வண்டியும் நிற்கிறது. உள்ளேயிருந்து வந்தவர் கையில் ஒரு உத்தரவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, அப்படியே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். முகாமுக்குப் பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளர் அல்ல, வருவாய்த்துறையின் தனித்துணை ஆட்சியர். இது சிறை இல்லையே. அதனால் உள்ளே சமைத்துச் சாப்பிடலாம், அதற்கு அரசு படி தரும். சிறைக் கைதிக்கு உள்ள பரோல் கிடையாது, தண்டனைக் கழிவு கிடையாது, விடுதலைத் தேதி கிடையாது. மதில் சிறையின் மதில், வாசலில் நிற்பது போலீஸ். வங்கதேசம், நைஜீரியா, பல்கேரியா நாட்டவர்களும் இதே முகாமில் இருந்திருக்கிறார்கள் என்பது ஒரு சமத்துவம்.

கண்காணிப்பு என்ற நோக்கமாவது நிறைவேறியதா என்றால், 1995 ஆகஸ்டில் வேலூர் கோட்டை முகாமிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பிப் போனார்கள். ஆபத்தானவர்கள் போய்விட்டார்கள். அதற்கு விலை கொடுத்தது மிச்சமிருந்த சாதாரணமானவர்கள்.

உள்ளே இருப்பவர்கள் செய்ய முடிந்தது உண்ணாவிரதம். திருச்சியில் அது பலமுறை நடந்திருக்கிறது. மாத்திரை விழுங்கி, உடம்பைக் கீறிக்கொண்டு தற்கொலைக்கு முயன்றதும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்துவார்கள், சிலரை விடுவிப்பார்கள், காலியான இடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள்.

சாந்தன்

நால்வரையும் திருச்சியில் வைத்ததற்கு அரசு சொன்ன காரணம் நியாயமானதுதான். அவர்கள் வெளிநாட்டவர், பயண ஆவணம் இல்லை, சொந்த நாட்டுக்கு அனுப்பும்வரை எங்காவது வைக்க வேண்டும். இலங்கைத் தூதரகம் ஆவணம் தரவேண்டும், மத்திய அரசு அனுமதி தரவேண்டும். ஒரு காகிதம் இன்னொரு காகிதத்துக்காகக் காத்திருந்தது. சாந்தன் யாழ்ப்பாணத்தில் இருக்கும் வயதான தாயைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். கல்லீரல் கெட்டு, திருச்சியிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று நாடு திரும்ப அனுமதி வந்தது. 28-ஆம் தேதி காலை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்துபோனார். மருத்துவமனையின் பெயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உடல் யாழ்ப்பாணம் போனது. மற்ற மூவரும் ஏப்ரல் 3-ஆம் தேதி கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். ஒரு சாவு நடந்த பிறகு ஐந்து வாரத்தில் முடிந்த காகித வேலை, அதற்கு முன் பதினைந்து மாதம் முடியவில்லை.

தண்டனை பெற்றவருக்கே இது அதிகம் என்றால், தண்டனையே பெறாதவருக்கு எப்படி என்று அரசை யாரும் சட்டமன்றத்தில் விடாப்பிடியாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் அகதிகள் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். வீடுகள் கட்டப்பட்டன, பணக்கொடை கூடியது, அது உண்மையான நன்மை. பத்துக்குப் பத்து அறையில் முப்பது வருடம் கிடந்தவர்களுக்குத் தனிக் கழிப்பறையோடு வீடு கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த அறிவிப்பின்போது 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோரும், வெளியில் போலீஸ் பதிவில் 34,000 பேரும் இருந்தார்கள். அந்தத் திட்டத்தில் திருச்சி சிறப்பு முகாமுக்கு இடமில்லை. கட்டித்தர அரசு தயங்கவில்லை. திறந்துவிடத்தான் தயக்கம். திறந்துவிட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால் 1991-ஐ எடுத்துக் காட்டுவார்கள்.

புதிய சட்டம்

2025 செப்டம்பர் 1 முதல் 1946 சட்டம் போய், குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்தது. கூடவே வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அந்தத் தேதி கொழும்பில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள். அங்கே ஆட்சி மாறியதும் பயம் தீர்ந்தது என்ற கணக்கு போலிருக்கிறது. பெயிண்டர் அண்ணனுக்கு இதில் லாபம் உண்டு. இனி அவரைப் படகில் வந்தவர் என்று வழக்குப் போட முடியாது. குடியுரிமை இதனால் வந்துவிடவில்லை. அதற்கு அவர் தனியாகத்தான் போராட வேண்டும்.

குறிப்பிட்ட இடத்தில் தங்கியிருக்க உத்தரவிடும் அதிகாரம் புதிய சட்டத்திலும் அப்படியே வந்திருக்கிறது. வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சந்தேகிக்கப்பட்டவர் தலையில் இருப்பதும் அப்படியே. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கிய குடும்பங்கள் 2015-ஆம் வருடத் தேதிக்குள் வரமாட்டார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் வைக்கப்பட்ட அவர்களுக்கு விலக்கு ஆணையில் ஒரு வரி கூட இல்லை.